ஆர்பிஜி கேமுக்கு ஜிம்ப்பில் வரைகிறேன்: ஆள் மண்ணோடு மண்ணாக மறைந்துபோகிறான், என்ன செய்யலாம்?

செம்மண்

எல்லாருக்கும் வணக்கம். கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் ஒரு சின்ன ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக ஆடுகிற கேம், செய்துகொண்டிருக்கிறேன். மேலிருந்து பார்க்கிற பழைய பாணி, ஊருக்குள் நடந்து ஆட்களோடு பேசுவது, பொருள் சேர்ப்பது, இடையில் கொஞ்சம் சண்டை. கதை நடப்பது திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கற்பனை ஊரில். செம்மணல் மேடு, பனங்காடு, ஓட்டு வீடு, ஒரு சின்னக் கோயில், கருப்பட்டி காய்ச்சுகிற கொட்டகை, முதல் பகுதிக்கு இவ்வளவு இருந்தால் போதும்.

நிரல் எழுதுவது எனக்குப் பிரச்சினை இல்லை, ஓரளவு ஓடுகிறது. படம்தான் தகராறு. இலவசமாகக் கிடைக்கிற டைல்செட்டுகளை, அதாவது தரை, சுவர் என்று பரப்புகிற சதுரப் படத் துண்டுகளின் (டைல்களின்) தொகுப்புகளை, தேடினால் எல்லாம் பச்சைப் புல்வெளி, கருங்கல் கோட்டை, ஓக் மரம், பனி மூடிய கூரை. அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் அதில் என் ஊரை எப்படிக் காட்டுவது? அதனால் ஆட்களுக்கு மட்டும் எல்பிசி என்ற இலவசத் தொகுப்பின் உருவங்களை எடுத்துக்கொண்டு, மண், வீடு, மரம் எல்லாம் நானே ஜிம்ப் 2.10 என்ற இலவசப் பட மென்பொருளில் வரைய ஆரம்பித்தேன். டைல் அளவு 32க்கு 32. மவுஸ்தான், பேனா டேப்லெட் கிடையாது. பழைய லேப்டாப், காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிற நிலைமையும் இல்லை.

இப்போது இருக்கிற சிக்கல்கள்: ஜிம்ப்பில் கூர்மையாகத் தெரிகிற படம் கேமுக்குள் போனதும் மங்கலாகிறது. செம்மணல் டைலைப் பரப்பினால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, மணலாகத் தெரியவில்லை. ஓட்டு வீடும் பனைமரமும் வேறு ஏதோ கேமிலிருந்து வெட்டி ஒட்டியதாக நிற்கின்றன. எல்லாவற்றையும் விட மோசம், நம் கதாநாயகன் மணலில் இறங்கினால் கண்ணுக்கே தெரிவதில்லை. மண் சிவப்பு, ஓடு சிவப்பு, ஆள் நிறம் கருப்பு கலந்த பழுப்பு, எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகிறது. மண்ணைப் பச்சையாக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பன் சொன்னான். தேரியைப் பச்சையாக்கினால் அப்புறம் எதற்கு இந்த கேம்?

செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

வெண்கட்டி

மண்ணைப் பச்சையாக்க வேண்டாம், சிவப்பாகவே வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்யலாம். ஆனால் முதலில் அந்த மங்கலை முடித்துவிடுவோம், அதுதான் சுலபம்.

மங்கல் மூன்று இடத்தில் உள்ளே வரும். ஒன்று, வரையும்போது. ஜிம்ப்பில் பெயின்ட்பிரஷ் ஓரத்தைத் தானாக மென்மையாக்கும், பென்சில் கருவி அப்படிச் செய்யாது, எனவே இந்த அளவில் பென்சில் மட்டும்தான், அளவு 1 பிக்சல். இரண்டு, அளவு மாற்றும்போது. ஸ்கேல் லேயர் பெட்டியில் இன்டர்போலேஷன் என்று ஒரு இடம் இருக்கும், வழக்கமாக அது கியூபிக்கில் நிற்கும். அதை "நன்" என்று, அதாவது எதுவும் வேண்டாம் என்று மாற்றிவிட்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில்தான் பெருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு என்றால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் போகும். மூன்றாவது கோடோ. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரிங், அதற்குள் டெக்ஸ்சர்ஸ், அங்கே டிஃபால்ட் டெக்ஸ்சர் ஃபில்டர் லினியர் என்று இருக்கும், அதை நியரெஸ்ட் என்று மாற்றுங்கள். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் காரணம், ஏனென்றால் ஜிம்ப்பில் கூர்மையாகத் தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

சேமிப்பது ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக இருக்கட்டும், கேமுக்கு எக்ஸ்போர்ட் செய்வது பிஎன்ஜி. ஜேபெக் பக்கமே போகாதீர்கள், அது கூர்மையான ஓரங்களைச் சுற்றிப் புழுதி கிளப்பிவிடும், பின்னணியை வெறுமையாக விடவும் அதில் வழியில்லை.

இனி ஆள் மறைவது. இதை நிறப் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், என் கணிப்பில் இது வெளிச்ச அளவின் பிரச்சினை. சிவப்பும் பழுப்பும் வேறு வேறு நிறங்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் கண் பிரிக்காது. சோதித்துப் பாருங்கள்: கேமின் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை ஜிம்ப்பில் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் போட்டு, அதை நடுத்தரச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, அந்த லேயரின் மோடை எல்சிஎச் கலர் என்று மாற்றுங்கள். கீழே உள்ள அத்தனையும் கருப்பு வெள்ளையாகத் தெரியும், லேயரின் கண் பொத்தானை அமுக்கினால் நிறம் திரும்ப வந்துவிடும். கருப்பு வெள்ளையில் ஆள் தனியாகத் தெரியவில்லை என்றால் நிறத்தில் நீங்கள் என்ன செய்தாலும் தெரியமாட்டான். நான் வேலை செய்கிற எல்லாக் கோப்பிலும் இந்த லேயர் மேலே இருக்கும், அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.

சரி, எப்படிப் பிரிப்பது? ஜிம்ப்பின் நிறத் தேர்வுப் பெட்டியில் எல்சிஎச் என்று ஒரு அளவுமுறை இருக்கிறது. அதில் எல் என்பது கண்ணுக்கு உண்மையில் தெரிகிற வெளிச்சம், 0 என்றால் கருப்பு, 100 என்றால் வெள்ளை. மணலுக்கு ஒரு 60ஐ ஒட்டி வையுங்கள், அதன் மூன்று நான்கு சாயல்களும் அதைச் சுற்றி நான்கைந்துக்குள் இருக்கட்டும். ஆளின் தோல் 30, 40க்குள். வேட்டி, துண்டு 85க்கு மேல். ஓட்டுக் கூரை மணலை விட இருட்டு, ஒரு 40. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்துவிடுங்கள், நம் ஊரில் அப்படித்தானே இருக்கும், அது கூரையையும் மண்ணையும் தானாகவே பிரித்துவிடும். தேரி மணலை நேரில் பார்த்த நிறத்திலேயே வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் திரையில் முக்கால்வாசி இடம் தரைதான், அவ்வளவு அடர்ந்த சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே கண் எரியும். அடர்த்தியைக் குறைத்துச் சற்று வெளிறியதாக வைத்து, மேடுகளின் நிழல் பக்கத்தில் மட்டும் அந்த முழுச் சிவப்பைக் கொடுங்கள். பார்ப்பவனுக்கு ஊரே சிவப்பு என்றுதான் தோன்றும்.

ஆளுக்கு வெளிக்கோடு தூய கருப்பு வேண்டாம், அவனுடைய நிறத்திலேயே மிக இருண்ட சாயல் போதும். காலுக்குக் கீழே நீள்வட்டமாக ஒரு சின்ன நிழல், கருநீலமோ ஊதாவோ கலந்த நிறத்தில். இந்த ஒரு நிழல் இல்லாததால்தான் பல கேம்களில் ஆள் தரைக்கு மேலே மிதக்கிறான்.

மணல் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் டைலுக்குள் கண்ணைப் பிடிக்கிற ஏதோ ஒன்று இருப்பது. ஒரு கல்லோ, மற்றதை விடச் சற்று இருண்ட ஒரு புள்ளியோ இருந்தால் போதும், 32 பிக்சலுக்கு ஒரு முறை அது திரும்பத் திரும்ப வரும். அடிப்படை டைலில் எதுவுமே இருக்கக் கூடாது, சலிப்பூட்டுகிற அளவுக்கு வெறுமையாக இருக்கட்டும். காய்ந்த ஓலைத் துண்டு, கல், காலடித் தடம், காற்று இழுத்துவிட்ட வரி இவற்றையெல்லாம் தனித் தனி டைலாக வரைந்து, மேப்பில் உங்கள் கையால் அங்கொன்று இங்கொன்றாக வையுங்கள். ஓரம் ஒட்டுகிறதா என்று பார்க்க லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட், அதில் பாதி அகலம் பாதி உயரம் நகர்த்துகிற பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் நான்கு ஓரங்களும் நடுவில் சிலுவையாக வந்து நிற்கும், அந்தக் கோடு மறைகிற வரை பென்சிலால் திருத்துங்கள், பிறகு மறுபடி ஆஃப்செட். டைல் சீம்லெஸ் என்ற ஃபில்டரும் உண்டு, புகைப்படங்களுக்கு அது சரி, பிக்சல் படத்தில் ஒன்றன் மேல் ஒன்றைக் கலந்து குழப்பிவிடும்.

ஓடு பற்றியும் ஒன்று. நாட்டு ஓட்டின் வரிசை அகலம் 32ஐ மீதியில்லாமல் வகுக்கிற எண்ணாக இருக்க வேண்டும், 4 அல்லது 8. நான்கு பிக்சலில் ஒரு ஓடு என்றால் ஒரு இருட்டு, இரண்டு நடுத்தரம், ஒரு வெளிச்சம், அவ்வளவுதான் இடம், அதுவே போதும். எட்டு பிக்சலுக்கு ஒரு முறை குறுக்கே நிழல் வரி. ஐந்து, ஆறு என்று வைத்தால் டைல் சேருகிற இடத்தில் ஓடு வெட்டுப்படும், உங்கள் கூரை ஒட்டாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். படம் போட்டீர்கள் என்றால் பார்த்துச் சொல்கிறேன்.

நாலுமுனை

வெண்கட்டி சொன்னதில் எல்லாம் எனக்குச் சம்மதம். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் பலர் வேலை பாதி முடிந்த பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

எல்பிசி என்பது லிபரேட்டட் பிக்சல் கப். 2012இல் கேம் படங்களைப் பகிர்கிற ஓபன்கேம்ஆர்ட் தளம், கிரியேட்டிவ் காமன்ஸ், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் எல்லாரும் சேர்ந்து நடத்திய போட்டிக்காக உருவான பாணி. தரை டைல் 32, ஆள் நிற்கிற கட்டம் 64க்கு 64. நடை என்றால் ஒரு திசைக்கு 9 படம், நான்கு திசை, ஆக ஒரு நடைத் தாள் 576க்கு 256 பிக்சல். வரிசை மேல், இடது, கீழ், வலது. ஆர்பிஜி மேக்கர் என்ற கேம் செய்கிற மென்பொருளின் பழக்கத்தில் இருப்பவர்கள் கீழ், இடது, வலது, மேல் என்று நினைத்துக்கொண்டு வெட்டுவார்கள், ஆள் பின்பக்கமாக நடப்பான்.

இதில் இருக்கிற பெரிய வசதி, உடல் ஒரு லேயர், தலைமுடி ஒரு லேயர், சட்டை ஒரு லேயர் என்று எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துகிற மாதிரி வரையப்பட்டிருக்கிறது. எனவே நீங்கள் முழு ஆளை வரைய வேண்டாம், வேட்டியை மட்டும் வரைந்தால் போதும். உடல் தாளை ஜிம்ப்பில் திறந்து லேயரைப் பூட்டிவிட்டு, இமேஜ் மெனுவில் கன்ஃபிகர் கிரிட் போய் 64 கொடுத்து, கிரிட்டைக் காட்டச் சொல்லிவிட்டு, மேலே புது லேயரில் வேட்டி. மடித்துக் கட்டிய வேட்டி சுலபம், முழங்கால் வரை இரண்டு கால்களும் தனித் தனியாக நகர்வதைக் காட்டிவிடலாம். முழு வேட்டி என்றால் கால் தெரியாது, கீழ் ஓரம் மட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரு பிக்சல் இடமும் வலமும் அசைய வேண்டும், அந்த அசைவு இல்லாவிட்டால் ஆள் தரையில் வழுக்கிக்கொண்டு போவான்.

சேலைக்கு வரும்போது கவனம். இடது பக்க நடையை வரைந்துவிட்டு அதையே கண்ணாடியாகத் திருப்பி வலது பக்கத்துக்கு வைப்பது எல்லாரும் செய்கிற குறுக்கு வழி. சட்டை போட்ட ஆளுக்கு அது செல்லும். முந்தானை இடது தோளில் இருக்கிற பெண்ணைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். விளையாடுகிற நம் ஊர்க்காரர் எவரும் அதைப் பார்த்த உடனே கண்டுபிடிப்பார். திருப்பிய பிறகு தோள் பகுதியை மட்டும் மறுபடி வரைந்துகொள்ளுங்கள், ஒன்பது படத்துக்கும்.

நிறம் மாற்ற ஒரு வழி. தாளை இன்டெக்ஸ்ட் மோடுக்கு மாற்றினால் படத்தில் உள்ள நிறங்கள் எல்லாம் ஒரு பட்டியலாகிவிடும். கலர்மேப் பெட்டியில் ஒரு நிறத்தை மாற்றினால் அந்த நிறம் உள்ள எல்லாப் பிக்சலும் ஒரே நேரத்தில் மாறும். நீலச் சேலையைச் சிவப்பாக்க நான்கைந்து சொடுக்குகள் போதும். தி பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற கட்டற்ற கேமில் இதே யோசனையை இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள், வீரர்களின் உடையில் அணி நிறம் வர வேண்டிய இடத்தை மெஜந்தா சாயல்களில் வரைந்துவிட்டு, கேம் ஓடும்போது அதை அணியின் நிறமாக மாற்றிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வேண்டும் என்றால் கோடோவில் ஒரு சின்ன ஷேடர் (பிக்சல்களின் நிறத்தைத் திரையில் மாற்றுகிற நிரல்) எழுதி நீங்களும் அப்படிச் செய்யலாம்.

உரிமம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போட்டிக்காகச் செய்த எல்பிசி படங்கள் சிசி பை எஸ்ஏ 3.0, ஜிபிஎல் 3 என்ற இரண்டு கட்டற்ற உரிமங்களிலும் வெளிவந்தவை. அதன் மேல் நீங்கள் வரைகிற வேட்டியையும் அதே உரிமத்தில் பிறருக்கும் கொடுக்க வேண்டும், வரைந்த ஒவ்வொருவர் பெயரையும் கேமுக்குள் காட்ட வேண்டும். எல்பிசி உருவங்களைக் கோத்துக் கொடுக்கிற ஜெனரேட்டரில் நீங்கள் எடுத்த துண்டுகளுக்கான பெயர்ப் பட்டியலும் சேர்ந்தே கிடைக்கும், அதை அன்றைக்கே கேமின் கோப்புறையில் போட்டுவையுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தத் தலைமுடி யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஜிம்ப்பில் வரைந்ததால் உங்கள் படமும் ஜிபிஎல் ஆகிவிடுமா என்று சிலர் பயப்படுவார்கள், அப்படி எதுவும் இல்லை, மென்பொருளின் உரிமம் அதில் வரைந்த படத்தைத் தொடாது.

வேட்டி, சேலை, தலைப்பாகை எல்லாம் வரைந்து ஓபன்கேம்ஆர்ட்டில் ஏற்றிவிடுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். அடுத்து வருகிற ஒருவர் ஓக் மரத்தடியில் வேட்டி தேடி அலைய வேண்டாம்.

கருங்காலி

ஜிம்ப்பிலேயே எல்லாம் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. புகைப்படத்தைத் திருத்த அது அருமையான கருவி, பிக்சல் டைலுக்கும் நடைக்கும் அதைவிடச் சுலபமான இலவசக் கருவிகள் இருக்கின்றன.

டைலுக்குக் கிரிட்டா. 32க்கு 32 கோப்பைத் திறந்து டபிள்யூ விசையை அமுக்குங்கள். ராப் அரவுண்ட் மோடு வரும், நீங்கள் வரைகிற டைல் எல்லாப் பக்கமும் முடிவில்லாமல் விரிந்து தெரியும், வலது ஓரத்தைத் தாண்டி இழுத்த கோடு இடது ஓரத்தில் தானாக உள்ளே வரும். ஆஃப்செட் செய்து திருத்தி மறுபடி ஆஃப்செட் செய்கிற வேலையே இல்லை. கல் திரும்பத் திரும்ப வருவது வரையும்போதே கண்ணில் படும், கேமுக்குள் போய்ப் பார்க்கிற வரை காத்திருக்க வேண்டாம். பிக்சல் ஆர்ட்டுக்கென்று தனி பிரஷ்களும் அதிலேயே இருக்கின்றன. பழைய லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்பீர்கள், பெரிய கேன்வாஸில் திணறும்தான், 32 பிக்சல் கோப்புக்கெல்லாம் ஒன்றும் ஆகாது. கிரிட்டாவின் சொந்தத் தளத்தில் இலவசம், ஸ்டீமில் காசு, மென்பொருள் இரண்டும் ஒன்றுதான்.

நடைக்கு லிப்ரெஸ்பிரைட். ஏஸ்பிரைட் என்ற பிக்சல் பட மென்பொருள் 2016இல் உரிமத்தை மாற்றியபோது அதற்கு முந்தைய ஜிபிஎல் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது. முந்தைய படம் மங்கலாகப் பின்னால் தெரிகிற ஆனியன் ஸ்கின் வசதி உண்டு, வேட்டி ஓரம் அசைவதை ஓட்டிப் பார்த்துக்கொண்டே திருத்தலாம். பிக்சலோராமாவும் இருக்கிறது, அது கோடோவிலேயே செய்யப்பட்டது, உலாவியிலும் ஓடும். ஜிம்ப்பில் ஒவ்வொரு லேயரையும் ஒரு படமாக வைத்து அனிமேஷன் பார்ப்பது முடியும்தான், ஆனால் நான்கு திசை ஒன்பது படம் என்று வரும்போது பொறுமை போய்விடும்.

மணலும் புல்லும் சேருகிற ஓரம் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மூலையிலும் மணல் அல்லது புல், இரண்டில் ஒன்று, நான்கு மூலை, ஆக 16 டைல் வரைந்தால் எந்த வடிவத்திலும் பரப்பிவிடலாம். கோடோவில் டெரெய்ன் என்ற பெயரில் இது இருக்கிறது, டைல்ட் மேப் எடிட்டரிலும் உண்டு. 47 டைல் முறை என்று ஒன்றையும் படிப்பீர்கள், இன்னும் அழகாக வரும், முதல் கேமுக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் கருத்து. தேரியில் புல் எங்கே இருக்கிறது, செம்மணலும் வண்டித்தடமும் சேருகிற ஓரம் ஒரு பதினாறு செய்தாலே ஊர் முழுக்கப் போதும்.

வடலி

நான் உடன்குடி பக்கம், அதனால் பனையைப் பற்றி மட்டும். இணையத்தில் பாம் ட்ரீ என்று தேடினால் வருவது எல்லாம் தென்னை அல்லது கடற்கரை ஹோட்டல் விளம்பரத்து மரம். அதைப் பார்த்து வரைந்தால் தேரிக்காடு வராது.

தென்னங்கீற்று நீளமாக வளைந்து தொங்கும். பனையோலை விசிறி, விறைத்து நிற்கும். சின்ன அளவில் இந்த வேறுபாட்டைக் காட்ட இலைகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம், வெளிவடிவத்தைப் பிடித்தால் போதும். முதலில் ஒரே இருண்ட பச்சையில் கிட்டத்தட்ட உருண்டையான ஒரு தலையை நிரப்புங்கள், 40, 48 பிக்சல் அகலம் இருக்கலாம். அதன் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோண முனைகள், இலை நுனிகள், எல்லாம் நடுவிலிருந்து வெளியே பார்க்கட்டும். உள்ளே நான்கைந்து விசிறிகளை மட்டும் நடுத்தரப் பச்சையில் எடுத்துக் காட்டுங்கள், ஒவ்வொன்றிலும் காம்பு முடிகிற இடத்திலிருந்து விரிகிற மூன்று கோடுகள். உச்சியில் வெளிர் மஞ்சள் கலந்த பச்சையில் குருத்து, நேராக. தலைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் இரண்டு மூன்று காவோலை தொங்க வேண்டும். இந்தக் காவோலையை விட்டுவிட்டால் அது பனையாகவே தெரியாது, பாளை சீவிச் சுத்தமாக வைத்திருக்கிற மரத்தில்கூட ஒன்றிரண்டு இருக்கும். மரம் கருப்பு கலந்த சாம்பல், நேராக, குறுக்கே லேசான வளையங்கள், அடி மட்டும் கொஞ்சம் பெருத்து.

உயரத்துக்கு மூன்று டைல் போதாது, குறைந்தது நான்கு வையுங்கள். நிஜத்தில் இன்னும் எவ்வளவோ உயரம், ஆனால் திரையில் அதற்கு மேல் போனால் பின்னால் இருக்கிற வீட்டை மறைக்கும். அடியில் ஒரு டைலுக்கு மட்டும் மோதல் எல்லை கொடுத்து, தலைப் பகுதியை ஆளுக்கு மேல் இருக்கிற லேயரில் வைத்துவிட்டால், மரத்துக்குப் பின்னால் போகிறவன் ஓலைக்குக் கீழே மறைந்து வெளியே வருவான். ஒரே மரத்தை எல்லா இடத்திலும் வைக்காதீர்கள், ஆண்பனை, பெண்பனை, வடலி (இளம் பனை) என்று மூன்று வரைந்தாலே காடு உயிரோடு இருக்கும். ஆண்பனையில் நீளமான பாளைகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், பெண்பனையில் நுங்குக் குலை. வடலிக்கு மரமே தெரியாது, தரையிலிருந்து நேராக விசிறி.

கொட்டகைக்குள் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பை வரையும்போது எரிப்பதற்குப் பக்கத்தில் காய்ந்த ஓலையையும் மட்டையையும் குவித்து வையுங்கள்.

செம்மண்

எல்லாருக்கும் மிக்க நன்றி. நியரெஸ்ட் மாற்றியதுமே மங்கல் போய்விட்டது. அந்தச் சாம்பல் லேயரைப் போட்டுப் பார்த்தேன், ஆளும் மண்ணும் ஒரே சாம்பல், வித்தியாசமே இல்லை. மணலை வெளுத்து, வேட்டியை வெள்ளையாக்கி, காலடியில் நிழலும் போட்ட பிறகு தூரத்திலிருந்தே தெரிகிறான். கிரிட்டாவின் ராப் அரவுண்டும் நன்றாக இருக்கிறது, டைலுக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். வடலி சொன்ன காவோலையைச் சேர்த்ததும் வீட்டில் அம்மா திரையைப் பார்த்து "பனையா?" என்று கேட்டார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். கேமரா நகரும்போது சில டைல்களுக்கு நடுவில் மெல்லிய கோடு வந்து வந்து போகிறது. அப்புறம் கடைப் பலகை, ஊர்ப் பலகையில் தமிழில் எழுத வேண்டும், பென்சிலால் பிக்சல் பிக்சலாக எழுதினால் "பு", "கு" எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது.

வெண்கட்டி

கோடு வருவது பெரும்பாலும் கேமரா ஜூம் முழு எண்ணாக இல்லாததால். கோடோ 4 டைல்களுக்கு நடுவே தானாகவே இடைவெளி சேர்த்துக்கொள்ளும், எனவே படத்தில் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. கேமின் அடிப்படை அளவை 640க்கு 360 என்று வையுங்கள். மூன்று மடங்கு என்றால் 1920க்கு 1080, இரண்டு மடங்கு என்றால் 1280க்கு 720, இரண்டும் சரியாக உட்காரும். டைல் கணக்கில் அகலத்துக்கு 20 டைல் தெரியும், ஊரைச் சுற்ற அது நல்ல அளவு. ஸ்ட்ரெச் அமைப்பில் மோடை வியூபோர்ட் என்றும் ஸ்கேல் மோடை இன்டிஜர் என்றும் கொடுங்கள். உங்கள் லேப்டாப் 1366க்கு 768 என்றால் சுற்றிலும் கருப்புப் பட்டை வரும், அதை விட்டுவிடுங்கள், அதை நிரப்ப முயன்றால் மறுபடி கோடு வரும்.

பலகைக்குக் கையால் எழுத வேண்டாம். ஜிம்ப்பின் எழுத்துக் கருவி தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டும், கொம்பும் காலும் இடம் மாறாது. அந்தக் கருவியின் அமைப்பில் ஆன்டிஅலியாசிங் என்ற குறியை எடுத்துவிட்டால் எழுத்து பிக்சல் ஓரத்தோடு வரும், அதன் மேல் பென்சிலால் ஒன்றிரண்டு பிக்சல் திருத்தினால் போதும். என் அனுபவத்தில் 14 பிக்சல் உயரத்துக்குக் கீழே போனால் "ணு", "னு" பிரியாது, 16 வைத்தால் நிம்மதி. பலகை இரண்டு டைல் அகலம் போதாமல் போகும், மூன்றாக வையுங்கள், "கருப்பட்டி" என்று எழுதினாலே இடம் முடிந்துவிடும்.

உரையாடல் பெட்டிக்குள் வருகிற எழுத்தைப் படமாக வைக்காதீர்கள், தமிழ் ஃபான்ட்டையே கொடுங்கள், கோடோ 4 தமிழை ஒழுங்காகக் காட்டும். கோடோ 3இல்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

நாலுமுனை

உரையாடல் பெட்டி என்றதும் இன்னொன்று. பேசுகிறவரின் முகத்தையும் பக்கத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால் அதைப் பிக்சலில் வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. வெஸ்நாத்தில் வீரர்கள் பிக்சல், முகங்கள் தீட்டிய ஓவியம், இரண்டும் சேர்ந்து நன்றாகவே இருக்கின்றன. கிரிட்டாவில் நான்கு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்கிக்கொள்ளலாம், இங்கே மட்டும் சுருக்கும்போது மென்மையான ஃபில்டர்தான் வேண்டும். ஆனால் நிறங்களை உங்கள் மணல், ஓடு, பனை இவற்றிலிருந்தே எடுங்கள், மேப்பின் ஸ்க்ரீன்ஷாட்டைப் பக்கத்தில் திறந்து வைத்து அதிலிருந்தே உறிஞ்சி எடுத்துத் தீட்டுங்கள். மவுஸால் முகம் தீட்டுவது கஷ்டம், அதை மட்டும் டேப்லெட் உள்ள யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். முதல் பகுதிக்கு எத்தனை முகம் வேண்டும் என்று சொல்லுங்கள், இரண்டு மூன்று என்றால் நானே வரைந்து தருகிறேன், சிசி பை உரிமத்தில்.